வெர்லீன் கூட்டும் சுருதி

தண்டவாளத்துக்குப் பதினைந்தடி முன்னால் மஞ்சள் பஸ்ஸை நிறுத்தி, கதவைத் திறந்து, தன் பக்கத்துச் சன்னலையும் இறக்கிவிட்டு, வெர்லீன் டப்ஸ் காது கொடுத்துக் கேட்கிறாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர்கள் அப்படி நின்று, ரயில் சத்தம் இல்லை என்று தெரிந்துகொண்டுதான் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும் என்பது சட்டம். மற்ற டிரைவர்கள் கதவைத் திறந்து மூடுவதோடு சரி. இவள் மட்டும் கண்ணை மூடி, தலையை ஒருபக்கம் சாய்த்து, யாரோ தூரத்திலிருந்து கூப்பிடுவது போலக் கேட்பாள். பின்சீட்டில் பிள்ளைகள் ஒருத்தர் தலைமுடியை ஒருத்தர் பிய்த்துக்கொண்டாலும் அவளுக்கு அவசரமில்லை.

தண்டவாளத்தை ஒட்டினாற்போல் இருப்பது லெமுவேல் கெய்ன்ஸின் முடிவெட்டும் கடை. எதிரே இருக்கும் பெரிய கண்ணாடியில் அவனுக்கு இதெல்லாம் தெரியும். அந்த நேரத்தில் அவனிடம் பிடரியைக் கொடுத்திருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சவரக்கத்தி அவன் கையில் அல்லவா இருக்கிறது.

"பாத்தியா நாடகத்தை? ரயில் வந்தா ஊதாதா? காதைத் தீட்டிக்கிட்டு நிக்கறா மகாராணி."

சன்னலோரம் தன்னந்தனியாகச் சதுரங்கப் பலகையில் காய் நகர்த்திக்கொண்டிருக்கும் மாதா கோயில் மூப்பர் டீக்கன் பர்க்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். "அவ பஸ்ஸு, அவ காது. உனக்கு எங்கேப்பா வலிக்குது?"

"எனக்கு ஒண்ணும் வலிக்கலை, டீக்கனாரே."

வலிக்கிறது. நாற்பது வருஷமாக வலிக்கிறது. டாலிவர் ஊரில் பஞ்சு அரைக்கிற மில்லிலிருந்து மாதா கோயில் வரைக்கும் அது எல்லோருக்கும் தெரியும். லெமுவேலும் கிதார் வாசிக்கிறவன்தான். பாடவும் செய்வான். ஒரு சுரம் தப்பாது. தாளம் கடிகாரம் மாதிரி நிற்கும். அவன் வாசித்து முடித்ததும், "நல்லா வாசிக்கறப்பா" என்று சொல்லிவிட்டு ஜனங்கள் தட்டில் இருக்கும் மீனைச் சாப்பிடத் திரும்பிவிடுவார்கள். வெர்லீன் பாடினால் நன்றாக இருக்கிறது என்று ஒருவரும் சொல்வதில்லை. "ஐயோ போதும்டி, எங்களைக் கொல்லாதே" என்கிறார்கள். சொல்லிவிட்டு எழுந்திருக்கவும் மாட்டார்கள்.

வெர்லீனுக்கு வயது எழுபத்தொன்று. நல்ல உயரம், உயரத்துக்கு ஏற்ற அகலம். பஸ் டிரைவர் சட்டை, தலையில் ஆண்கள் போடும் தொப்பி. வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் நீளமாக விட்டு, சிவப்புச் சாயம் பூசியிருப்பாள். மற்ற ஒன்பது நகங்களும் ஒட்ட வெட்டியிருக்கும். கண்டவன் தருகிற சாஸ் உறைக்காது என்று, பஸ்ஸில் சாவி தொங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு புட்டி மிளகாய் சாஸ் வைத்திருக்கிறாள். பஸ்ஸுக்கு அவள் வைத்த பெயர் கிழவி. "கிழவி இன்னிக்கு இருமுது" என்றால் எஞ்சினில் கோளாறு என்று பொருள். மனுஷர்களையும் அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டீக்கன் பர்க்ஸ் அவளுக்கு 'ஆமென்'. லெமுவேல் 'கத்திரி'. வீதிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "யோவ் கத்திரி, எத்தனை காதை வெட்டின இன்னிக்கு?" என்று அவள் குரல் கொடுத்தால், லெமுவேலுக்கு அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு செரிக்காது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து, மூன்று மணிக்கு டங்கனின் வறுத்த மீன் கடையில் அவள் பாடுவாள். கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போன செருப்பைக் கழற்றி, ஒலிபெருக்கிப் பெட்டியின் தலைமேல் ஜோடியாக வைப்பாள். வெறுங்கால் தரையில் பட்டால்தான் அவளுக்குப் பாட்டு வரும். கிதார் சிவப்பு. ஒன்பதாம் நம்பர் பஸ்ஸைக் காயலான் கடைக்குப் போட்டபோது, அதன் சீட்டு பெல்ட்டை அறுத்து வந்து, கிதாரைத் தோளில் மாட்டும் வாராக வைத்துக்கொண்டாள். மற்றவர்கள் கம்பியின் மேல் வழுக்குவதற்குக் கண்ணாடிப் புட்டியின் கழுத்தைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொள்வார்கள். இவள் மாட்டுவது பாக்ஸ் ஸ்பேனரின் தலை. பள்ளிக்கூடத்துப் பழுதுபார்க்கும் பெட்டியில் அந்த அளவு ஸ்பேனர் முப்பது வருஷமாகக் காணவில்லை.

ஆரம்பிக்கிறேன் என்று அறிவிக்கும் பழக்கமும் அவளிடம் இல்லை. எல்லோரும் வாயில் மீனோடு இருக்கும்போது, பக்கத்து வீட்டுக்காரியிடம் குறை சொல்வது போலப் பாட்டு கிளம்பும். ப்ளூஸ் பாட்டில் ஒரே வரியை இரண்டு தரம் சொல்லிவிட்டு, மூன்றாவதில் பதில் சொல்வது வழக்கம்.

போறவன் போகட்டும், என் காரை ஏன் எடுத்துட்டுப் போனான்?
போறவன் போகட்டும், என் காரை ஏன் எடுத்துட்டுப் போனான்?
நடந்து போயிருந்தா நாலு நாள் அழுதிருப்பேன், இப்ப போலீசுக்கில்ல போவேண்டியிருக்கு!

அந்த மூன்றாவது வரிக்கு முன்னால் ஒரு தாமதம் செய்வாள். தாளம் போய்க்கொண்டிருக்கும், அவள் வரமாட்டாள். மென்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்திவிடுவார்கள். இனிமேல் வரமாட்டாள் என்று முடிவுகட்டும் நேரத்தில், கிதாரில் ஒரு இழுப்பு, அதன் பின்னாலேயே அவள் குரல். லெமுவேல் வீட்டில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அந்தத் தாமதத்தைச் செய்து பார்த்திருக்கிறான். அவன் செய்தால், பாட்டுக்காரன் வரியை மறந்துவிட்டான் போலிருக்கிறது என்று தோன்றும்.

அவளுடைய இடது கையைப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும் என்பது அவன் நம்பிக்கை. அதுதான் நடக்கவில்லை. இந்தப் பக்கத்து கிதார்க்காரர்கள் தங்கள் சுருதியைப் பெண்டாட்டிக்கும் சொல்லமாட்டார்கள். ஆறு கம்பிகளையும் எந்த அளவில் முறுக்கி வைக்கிறான் என்பது அவரவர் சொத்து. இன்னொரு வாசிப்பாளி வந்து உட்கார்ந்தால் திரும்பிக்கொள்வதில் மரியாதைக் குறைவும் இல்லை. லெமுவேலின் மாமா இடது கையின் மேல் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு வாசித்தவர். வெர்லீனுக்குக் கைக்குட்டை வேண்டாம். லெமுவேல் டங்கன் கடை வாசலில் நிழலாகத் தெரிந்தாலே போதும், நாற்காலியோடு சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுவாள். பாட்டு நிற்காது. ஊரில் மற்றவர்களுக்கு அவள் முகம் தெரியும். லெமுவேலுக்குத் தெரிந்தது முதுகு. பிடரியில் இருக்கும் மச்சம், சட்டைத் தையல், அதில் எந்த ஞாயிற்றுக்கிழமை எந்த இடத்தில் நூல் விட்டிருந்தது என்பது வரைக்கும் தெரியும்.

அவள் பஞ்சுக் காட்டில் பிறந்தவள். துடைப்பத்தைக் கட்டியிருந்த கம்பியை உருவி வீட்டுப் பலகைச் சுவரில் இரண்டு ஆணிக்கு நடுவே இழுத்துக் கட்டி, அதில்தான் முதலில் வாசித்தாள். பதினாறு வயதில் டிராக்டர் ஓட்டினாள். மெம்பிஸுக்குப் போய் இரண்டு பாட்டு பதிவு செய்தாள். பதிவு செய்த கம்பெனி அடுத்த வருஷமே இருந்த இடம் தெரியாமல் போயிற்று. ஊருக்குத் திரும்பி வந்து பஸ் ஓட்ட உட்கார்ந்தாள். அதோடு முடிந்தது என்று லெமுவேல் நிம்மதியாக இருந்தான்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் ஹாலந்துக்காரன் ஒருவன் வழி கேட்டுக்கொண்டு கடைக்குள் வந்தான். இசைக்காக வந்திருக்கிறான் என்று தெரிந்ததும், பாதி சவரத்தில் இருந்தவரை அப்படியே விட்டுவிட்டு, லெமுவேல் கிதாரை எடுத்து இரண்டு பாட்டு வாசித்தான். வந்தவன் நின்று கேட்டான். தொப்பியைக் கழற்றி நன்றி சொன்னான். பிறகு, வெர்லீன் டப்ஸ் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டான். லெமுவேல் சரியான பக்கத்தைத்தான் காட்டினான். தப்பான பக்கத்தைக் காட்டியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறான்.

அதிலிருந்து ஒவ்வொரு கோடைக்கும், பள்ளிக்கூடம் மூடியதும், வெர்லீன் கடல் தாண்டிப் போகிறாள். ஹாலந்து, இத்தாலி, இன்னும் லெமுவேலுக்கு வாயில் நுழையாத ஊர்கள். ஆயிரக்கணக்கில் ஜனங்கள் நின்றுகொண்டே கேட்கிறார்களாம். ஆகஸ்டில் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காதது போல் பஸ்ஸில் ஏறி உட்காருகிறாள். இத்தாலி எப்படி இருக்கிறது என்று டீக்கன் பர்க்ஸ் கேட்டதற்கு, "காபி குடுக்கறான் பாரு ஆமென், ஒரு கப்புல! கண்ணுக்கு மருந்து விடுவாங்களே, அந்த அளவு" என்றாள். அவ்வளவுதான் இத்தாலி. போகக் கொடுத்துவைக்காதவனுக்கு அந்த அலட்சியம் எப்படி எரியும் என்று அவளுக்குத் தெரியுமோ என்னவோ.

இனி, அந்தத் திருட்டு.

நாற்பத்தொரு வருஷத்துக்கு முந்திய ஒரு ஞாயிறு. வெர்லீன் பாட்டை நிறுத்திவிட்டு, டமாலி சாப்பிட டங்கன் கடையின் பின்கட்டுக்குப் போயிருந்தாள். சோளத்தோலில் சுற்றி வேகவைத்த அந்தப் பண்டத்தை அவள் அவசரமாகத் தின்று யாரும் பார்த்ததில்லை. கிதார் நாற்காலியில் சாய்ந்திருந்தது. லெமுவேல் இரண்டு பக்கமும் பார்த்தான். கட்டைவிரலை வைத்து ஆறு கம்பிகளையும் மேலிருந்து கீழாக ஒரே ஒரு தரம் வருடினான். ஆறு சுரங்கள். அவற்றை வாய்க்குள் முனகிக்கொண்டே வெளியே வந்தான். வீடு இரண்டரை மைல். தண்டவாளத்தோடு நடந்தான். முனகலை விட்டால் சுரம் ஓடிவிடும் என்று வழியில் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. எதிரே வந்த பர்க்ஸ் அப்போது டீக்கன் ஆகவில்லை. "என்னப்பா லெம், வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றார். லெமுவேல் 'ம்ம்ம்ம்' என்று ஆறு சுரத்தில் முனகிவிட்டுப் போய்விட்டான். பர்க்ஸ் ஒரு மாசம் அவனோடு பேசவில்லை.

வீட்டுக்குப் போய் முனகியபடியே தன் கிதாரை அந்தச் சுருதிக்குக் கூட்டினான். பெண்டாட்டி கோரின் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "பூனை வாலை யாரு மிதிச்சது?" என்றாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு வருஷம் அந்தச் சுருதியில் வெர்லீன் பாட்டுகளைத் தேடினான். ஒன்றுகூட அதில் சிக்கவில்லை. தனக்குத்தான் கை பத்தவில்லை என்று நினைத்து, விரல் தோல் உரிய உரியத் தேடினான். கோரின் துணி துவைக்கும்போது வெர்லீன் பாட்டைத்தான் பாடுவாள். ஏன் என் பாட்டைப் பாடுவதில்லை என்று ஒருநாள் கேட்டுவிட்டான். "உன் பாட்டைப் பாடினா அழுக்கு போகமாட்டேங்குதேய்யா" என்று சிரித்தாள் அந்தப் புண்ணியவதி. அவள் போய் ஒன்பது வருஷமாகிறது. அந்தச் சிரிப்பு இன்னும் போகவில்லை.

தேடியது கிடைக்கவில்லையே தவிர, தேடாத ஒன்று வந்தது. அந்தக் கோணல் சுருதியில், வார்த்தை இல்லாத ஒரு மெட்டு. எங்கோ போகிறவன் பாதி வழியில் நின்று, திரும்பலாமா என்று யோசிப்பது போல இருக்கும். லெமுவேல் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தேடியதன் மிச்சம் என்று நினைத்தான். முடிவெட்டும் கடைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அன்றைக்கு மட்டும் கடையில் தனியாக உட்கார்ந்து அதை வாசிப்பான். டங்கன் கடையில் ஒருநாளும் வாசித்ததில்லை.

திங்கட்கிழமைகளில் மஞ்சள் பஸ் தண்டவாளத்துக்கு முன்னால் கூடுதல் நேரம் நிற்கும். பின்னால் வருகிற லாரிக்காரர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்துபோவார்கள். லெமுவேலுக்கு அது தன்னைக் கேலி பண்ணுவதற்காகத்தான் என்று பட்டது. அவ்வளவு பெரிய ஆள், தன் கோணல் மெட்டைக் கேட்டுச் சிரிப்பதற்கென்றே நிற்கிறாள் என்று நினைத்தான். சன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசிப்பான்.

இப்படி இருக்கும்போதுதான் நூலகத்து ஆர்டீலியா அம்மா ஒரு காகிதத்தோடு கடைக்கு வந்தாள். ஊருக்கு ஒரு பெருமை வேண்டும் என்று கமிட்டி போட்டிருக்கிறார்களாம். ஜாக்சனிலிருந்து ஓவியன் வருகிறானாம். தண்டவாளத்தைப் பார்த்த சுவர்தான் ஊருக்குள் வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது. அதில் இருபதடி உயரத்துக்கு வெர்லீன் படம்.

"எந்தச் சுவர்?" என்றான் லெமுவேல், தெரிந்துகொண்டே.

"உங்க சுவர்தான் அண்ணே. இங்க ஒரு கையெழுத்து போட்டாப் போதும்."

டீக்கன் பர்க்ஸ் காயை நகர்த்துவதை நிறுத்திவிட்டார். கடையில் இருந்த நாலு பேரும் காலைப் பார்த்துக்கொண்டார்கள். லெமுவேல் கத்தரிக்கோலைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடியும் துடைத்தான். அவன் அப்பா கட்டிய சுவர். அவன் கையால் மூன்று தரம் வெள்ளையடித்த சுவர். தினமும் காலையில் கடையைத் திறக்க வரும்போது, இருபதடி வெர்லீனுக்குக் கீழே குனிந்து பூட்டைத் திறக்க வேண்டும்.

"யோசிச்சுச் சொல்றேன்."

மூன்று வாரம் யோசித்தான். காகிதம் கண்ணாடிக்குக் கீழே, பவுடர் டப்பாவின் பக்கத்தில் கிடந்தது. ஓவியன் அந்த வாரத்தோடு வேறு ஊருக்குப் போகிறான், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் படமே கிடையாது என்று ஆர்டீலியா அம்மா ஆள் அனுப்பினாள்.

"போட்டுத் தொலையேன்பா," என்றார் டீக்கன். "ஊரே உன்னைப் பாத்துக்கிட்டிருக்கு."

"இப்பவாவது பாக்குதே."

அந்தத் திங்கட்கிழமை, பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்த பஸ் தண்டவாளத்துக்கு முன்னால் நின்றது. எஞ்சின் அணைந்தது. மூடிய கடையின் கதவை யாரோ தட்டினார்கள். லெமுவேல் கிதாரைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திறந்தான். வெர்லீன், கையில் கிதார்ப் பெட்டியோடு நின்றாள். நாற்பது வருஷத்தில் அவள் அந்தக் கடைக்குள் கால் வைத்ததில்லை.

"இன்னிக்கு லீவு."

"நான் முடி வெட்டிக்க வரலை, கத்திரி." உள்ளே வந்து, முடிவெட்டும் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். நாற்காலி முனகியது. "சுவர் தரமாட்டேங்கறியாமே?"

"தரமாட்டேன்னு யாரு சொன்னா? யோசிக்கறேன்னேன்."

"மூணு வாரமா யோசிக்க அது சுவரா, கல்யாணமா?"

லெமுவேலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். அடக்கியதில் கோபம் வெளியே வந்துவிட்டது. "ஒண்ணு கேக்கறேன். குடுத்தா சுவர் உன்னோடது. உன் சுருதியைக் காட்டு. திரும்பி உக்காராம, என் கண்ணெதிர காட்டு."

வெர்லீன் அவனைப் பார்த்தாள். பெட்டியைத் திறந்தாள். சிவப்பு கிதாரை மடியில் வைத்து, நாற்காலியை அவன் பக்கம் சுழற்றிக்கொண்டாள். கம்பிகளை ஒவ்வொன்றாக, அவன் பார்க்கப் பார்க்க, நிதானமாக முறுக்கினாள். ஆறும் முடிந்ததும் ஒரு தரம் வருடிக் காட்டினாள். பிறகு, காரை எடுத்துக்கொண்டு போனவன் பாட்டை வாசித்தாள். இரண்டடி தூரத்தில் அந்த இடது கை. அதில் வளைவு இல்லை, மாயம் இல்லை. விரல்கள் தடித்து, மூட்டு வீங்கி, எல்லோரும் வைக்கிற இடத்தில்தான் வைக்கின்றன. பாட்டு மட்டும் வழக்கம்போல நெஞ்சைப் பிசைந்தது.

லெமுவேலுக்கு ஒன்பது வயதில் மாமா கற்றுக்கொடுத்த சுருதி அது. இந்தப் பக்கத்தில் கிதாரைத் தொடுகிற எவனும் முதலில் பழகுவது.

"இதுவா?"

"இதேதான்."

"வேற?"

"வேற எனக்குத் தெரியாதுய்யா. இதுவும் எங்கப்பன் சொல்லிக்குடுத்தது."

"அப்ப எதுக்கு இத்தனை வருஷமா முதுகைக் காட்டின?"

வெர்லீன் கிதாரைப் பெட்டியில் வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "என்னத்தையோ வெச்சிருக்கான்னு எல்லாரும் நெனைச்சீங்க. மறைக்கறதுக்கு ஒண்ணுமே இல்லேங்கறது வெளில தெரிஞ்சா அசிங்கமில்லே? அதைத்தான் மறைச்சேன்."

லெமுவேல் காத்திருப்பவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தான். இத்தனை வருஷமாக அவன் பொறாமைக்கு ஒரு சாக்கு இருந்தது. அவளிடம் ரகசியம் இருக்கிறது, என்னிடம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போது அதுவும் போயிற்று. இருவரிடமும் இருந்தது ஒன்றேதான். அவள் அதை வைத்துக்கொண்டு ஜனங்களை அழவைத்தாள். இதைவிட அவள் காட்டாமலே இருந்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

"பொய் சொல்ற," என்றான் கடைசியாக. "அது இல்ல உன் சுருதி. நானே கேட்டிருக்கேன். டங்கன் கடைல, நீ பின்னாடி சாப்பிடப் போனப்ப, உன் கிதாரைத் தொட்டுப் பாத்தேன். அது வேற."

"எப்ப?"

"எந்த வருஷமா இருந்தா என்ன? தொட்டேன். திருடினேன். போதுமா?"

அவள் ஒரு நிமிஷம் விழித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நாற்காலி குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. "அடப் பாவி மனுஷா! நான் எழுந்து போறப்பல்லாம் ஆறு கம்பியையும் கன்னாபின்னான்னு முறுக்கி விட்டுட்டுத்தான்யா போவேன்! உன்னை மாதிரி திருட்டுப்பய எவனாவது வருவான்னு! அது சுருதியே இல்லைய்யா. குப்பை!"

லெமுவேல் கூனிக் குறுகிப் போனான். தண்டவாளத்தில் முனகிக்கொண்டு நடந்த இரண்டரை மைல், இரண்டு வருஷம் உரிந்த விரல் தோல், எல்லாம் அவள் போகிற போக்கில் முறுக்கிவிட்ட குப்பைக்கு. இந்தக் கதை இன்று சாயங்காலமே டீக்கன் காதுக்குப் போகும், நாளைக்கு ஊர் முழுக்கச் சிரிக்கும் என்று நினைத்துத் தலையைத் தொங்கப் போட்டான்.

சிரிப்பு நின்றுவிட்டதை அவன் சற்றுக் கழித்துத்தான் கவனித்தான்.

"இரு," என்றாள் வெர்லீன். "திங்கட்கிழமையானா திரையை இழுத்து விட்டுக்கிட்டு ஒண்ணு வாசிக்கறியே. அது நான் முறுக்கி விட்டதுலயா?"

"அதுலதான். குப்பைலதான்."

"நாசமாப் போனவனே." அவள் குரல் இறங்கிவிட்டது. "பஸ் கதவைத் திறந்து வெச்சுக் கேட்டுட்டு, வீட்டுக்குப் போயி தேடாத நாளில்லை. எப்படி முறுக்கினாலும் உக்காரலை. இத்தாலில ஒருத்தன் கிட்ட வாயால பாடிக்கூடக் கேட்டேன். அவனுக்கும் தெரியலை. வாசி, பாப்போம்."

லெமுவேல் தன் கிதாரை எடுத்தான். அது அந்தக் கோணல் சுருதியிலேயே இருந்தது. திரையை இழுக்கவில்லை. மெல்ல ஆரம்பித்தான். எதிரே அவள் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, முன்னுக்குக் குனிந்து, அவன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெட்டு கிளம்பிப் போயிற்று. பாதி வழியில் நின்று, திரும்பலாமா என்று யோசிக்கும் இடம் வந்தது. அங்கே அவனை அறியாமலே ஒரு தாமதம் விழுந்தது. வாசிக்கும்போது அவனுக்கு அது தெரிந்ததே இல்லை.

வெர்லீனின் கை நீண்டு வந்தது. உள்ளங்கையை விரித்து, ஆறு கம்பிகளின் மேலும் அழுத்தினாள். சத்தம் அப்படியே அறுந்தது.

லெமுவேல் நிமிர்ந்து பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷமாக டங்கன் கடையிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவனுக்கு அப்போது தெரிந்தது. எட்டி, கண்ணாடிக்குக் கீழே கிடந்த காகிதத்தை இழுத்து, தொடையில் வைத்து, கையெழுத்தைப் போட்டான். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினான். பிறகு மீதியை வாசிக்கலாம் என்று விரலை வைத்தான்.

அவள் கையை எடுக்கவில்லை.